கிளிஞ்சல் கல்லால் எழுந்த கடற்கோட்டை: செயின்ட் அகஸ்டினின் காஸ்டில்லோ டி சான் மார்கோஸ்

ஃபுளோரிடாவுக்கு வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஆர்லாண்டோவின் கேளிக்கைப் பூங்காக்களைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து வடகிழக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தொலைவில் செயின்ட் அகஸ்டின் என்ற சிறு கடற்கரை நகரம் இருக்கிறது. 1565-ஆம் ஆண்டில் ஸ்பெயின்காரர்கள் நிறுவிய அந்த நகரத்தின் ஓரத்தில், மட்டான்சாஸ் விரிகுடாவைப் பார்த்தபடி, காஸ்டில்லோ டி சான் மார்கோஸ் என்னும் கோட்டை நிற்கிறது. அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் கல்லால் கட்டப்பட்டு இன்றும் நிற்கும் கோட்டைகளில் இதுவே மிகப் பழமையானது. என் தந்தையுடன் அங்கே தொடர்ந்து இரண்டு நாட்கள் சென்றுவந்தேன். முதல் நாள் பீரங்கிகளுக்காகச் சென்றோம் என்றால், இரண்டாம் நாள் அறைகளுக்காகச் சென்றோம். இங்கே செல்லப்போகும் எவருக்கும் நான் சொல்ல விரும்புவது, அந்த அறைகளுக்கு உரிய நேரத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடாதீர்கள் என்பதுதான்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கோட்டையின் கதை முழுவதும் அந்தக் கல்லிலிருந்தே தொடங்குகிறது. அதன் பெயர் கொக்கீனா. சிறு மட்டிகளின் ஓடுகள் கடலடியிலும் கரையிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவிந்து, ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக் கல்லாகிவிட்ட பொருள் அது. விரிகுடாவுக்கு எதிரே உள்ள அனஸ்தேசியா தீவில் அதை வெட்டியெடுத்து, படகுகளில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். பூமியிலிருந்து எடுக்கும்போது ஈரமும் மென்மையுமாக இருக்கும் அந்தக் கல், நீர் வடிந்து காற்றில் உலர்ந்த பிறகு உறுதிப்படுகிறது. கற்களை இணைக்கத் தேவைப்பட்ட சுண்ணாம்பையும் அவர்கள் கடலிலிருந்தே எடுத்தார்கள். சிப்பி ஓடுகளைக் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு அது. நாகப்பட்டினத்தில் நாற்பது ஆண்டுகள் கட்டட வேலை பார்த்த என் தந்தை மதிலின் அருகே வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கற்களைத் தொடவோ அவற்றின் மேல் சாயவோ கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்ததால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நம்ம பக்கத்துல கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தோம். இவங்க கிளிஞ்சலையே கல்லா அடுக்கி, கிளிஞ்சல் சுண்ணாம்பையே பூசியிருக்காங்கப்பா" என்றார். கோட்டையைப் பற்றி நான் படித்திருந்த எதுவும் இதைவிடத் தெளிவாக எனக்கு அதை விளக்கியதில்லை.

இந்தக் கல் எதனால் தேவைப்பட்டது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இதற்கு முன்பு இந்த ஊரைக் காக்க ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது மரக்கோட்டைகள் கட்டப்பட்டன; ஈரமும் கரையானும் தீயும் அவற்றில் எதையும் நிலைக்க விடவில்லை. 1668-இல் ராபர்ட் சேர்ல் என்ற கடற்கொள்ளையனின் கூட்டம் ஊருக்குள் புகுந்து சூறையாடியது. அதன் பிறகுதான் கற்கோட்டை ஒன்று வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஸ்பெயினின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த அரசி மரியானா செவிசாய்த்தார். 1672 அக்டோபரில் வேலை தொடங்கியது. வரைபடம் தந்த பொறியாளர் இக்னாசியோ டாசா, வேலை தொடங்கிய சில மாதங்களிலேயே இறந்துபோனார். கட்டி முடிக்க 1695 வரை ஆயிற்று. ஹவானாவிலிருந்து வந்த கல்தச்சர்கள், தண்டனை பெற்ற கைதிகள், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஆகியோருடன், குவாலே, திமுகுவா, அப்பலாச்சி ஆகிய பழங்குடி மக்களும் சிற்றூர்களிலிருந்து முறைவைத்து அழைத்துவரப்பட்டுக் கல் சுமந்தார்கள். மதிலின் ஒவ்வொரு வரிசையும் யாரோ ஒருவருடைய முதுகின் மேல் ஏறி வந்தது என்ற நினைவோடு அதைப் பார்ப்பது நல்லது.

கோட்டையின் அமைப்பு எளிமையானது. நடுவே சதுரமான முற்றம், அதைச் சூழ்ந்து நான்கு மதில்கள், நான்கு மூலைகளிலும் ஈட்டி முனைபோல் வெளியே நீளும் நான்கு கொத்தளங்கள். சான் பெட்ரோ, சான் அகஸ்டின், சான் கார்லோஸ், சான் பாப்லோ என்பன அவற்றின் பெயர்கள். ஒரு கொத்தளத்தில் நிற்கும் வீரன் அடுத்த கொத்தளத்தின் பக்கச் சுவரையும் இடையிலுள்ள மதிலின் அடியையும் முழுமையாகப் பார்க்க முடியும். ஆகவே எதிரி மதிலை ஒட்டி எங்கே வந்து நின்றாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் குண்டு பாயும். பீரங்கி வந்த பிறகு ஐரோப்பாவில் உயரமான கோட்டைகள் ஏன் வழக்கொழிந்து, தாழ்ந்து பருத்த கோட்டைகள் ஏன் வந்தன என்பதைப் புத்தகத்தில் பத்துப் பக்கங்களில் படிப்பதைவிட, சான் பாப்லோ கொத்தளத்தின் முனையில் நின்று இரண்டு நிமிடங்கள் பார்த்தால் போதும். வாயிலுக்கு முன்னால் தனித்து நிற்கும் முக்கோண அரண், அதைக் கடக்கும் தூக்குப் பாலம், வெளியே புல் மூடிய சரிவான மண்மேடு ஆகியவற்றையும் விட்டுவிடாமல் பாருங்கள். எதிரியின் குண்டு மதிலின் அடியை நேராகத் தாக்காதபடி அந்தச் சரிவு தடுத்துவிடும். இன்று பிள்ளைகள் அதில் உருண்டு விளையாடுகிறார்கள்.

அகழியில் தண்ணீர் இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்பவர்களுக்குச் சிறு ஏமாற்றம் காத்திருக்கிறது. அது வறண்ட அகழி. கட்டப்பட்ட காலத்திலும் பெரும்பாலும் வறண்டதாகவே வைக்கப்பட்டிருந்தது. முற்றுகைக் காலத்தில் ஊர் மக்கள் தங்கள் மாடுகளை அதற்குள்தான் ஓட்டி வந்து அடைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் காட்சிக்காக அதில் நீர் நிரப்பி வைத்திருந்து, அது கல்லுக்குக் கேடு செய்கிறது என்று கண்டபின் வடித்துவிட்டார்கள். அழகைவிடக் கல்லின் ஆயுளைப் பெரிதாக நினைத்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தமிழில் மதிலை வெளியிலிருந்து முற்றுவதை உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதை நொச்சி என்றும் பிரித்துப் பேசும் மரபு நமக்கு உண்டு. அந்தப் பிரிவின்படி பார்த்தால் இது முழுக்க நொச்சியின் கோட்டை. எந்தப் படையும் இதைப் போரிட்டுக் கைப்பற்றியதில்லை. கொடி மாறிய போதெல்லாம் உடன்படிக்கையாலோ, காவலர் விலகிச் சென்றதாலோதான் மாறியது. 1702 நவம்பரில் கரோலினாவின் ஆளுநர் ஜேம்ஸ் மூர் ஆங்கிலேயப் படையுடன் வந்தபோது, ஊரிலிருந்த ஆண், பெண், குழந்தைகள், படைவீரர்கள் என ஏறக்குறைய 1,500 பேர் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்து ஐம்பது நாட்களுக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். நம் ஊர்த் தெப்பக்குளம் ஒன்றின் அளவே இருக்கும் அந்த முற்றத்தில் நின்று இந்த எண்ணிக்கையை நினைத்துப்பாருங்கள். கிணறுகள் அங்கேயே இருந்ததால் குடிநீர் கிடைத்தது. ஹவானாவிலிருந்து கப்பல்கள் உதவிக்கு வந்ததும் மூர் பின்வாங்கினார்; ஆனால் போகும்போது ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார். கோட்டை தப்பியது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வெளியே வந்த மக்களுக்குத் திரும்பிச் செல்ல வீடு இருக்கவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1738 முதல் உட்புறத்தைத் திருத்தினார்கள். மரக்கூரை போட்ட அறைகளை இடித்துவிட்டு, வளைவுக் கூரை கொண்ட கல் அறைகளைக் கட்டி, மதிலைச் சுமார் 26 அடியிலிருந்து 33 அடியாக உயர்த்தினார்கள். கூரை உறுதியானதால் மதிலின் மேல்தளம் முழுவதும் பீரங்கிகளை வரிசையாக நிறுத்த முடிந்தது. கிழக்குப் புறம் முடிந்திருந்த நிலையில், 1740-இல் ஆங்கிலேயக் குடியேற்றமான ஜார்ஜியாவிலிருந்து ஜேம்ஸ் ஓகில்தோர்ப் படையுடன் வந்தார். எதிரேயிருந்த அனஸ்தேசியா தீவிலேயே பீரங்கிகளை நிறுத்தி 27 நாட்கள் சுட்டார். கல் வெட்டியெடுத்த அதே தீவிலிருந்து, அதே கல்லின் மேல். கருங்கல் மதிலாக இருந்திருந்தால் விரிசல் விட்டுச் சிதறியிருக்கும். ஓடுகளுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் நிறைந்த கொக்கீனாவோ குண்டின் வேகத்தை உள்வாங்கி நசுங்கியது. குண்டுகள் மதிலில் புதைந்து நின்றுவிட்டன. கடலைப் பார்த்த பக்கத்தில் அந்தக் குழிகளை இன்றும் காணலாம். கடலோரச் சுவர் வழியாக நடந்து அந்தப் பக்கத்துக்குச் சென்று பார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள், நீங்கள் மறக்காதீர்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது குழிகளின் நிழல் நன்றாகத் தெரிகிறது.

இதே போரோடு தொடர்புடைய இரண்டு இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் மோசே கோட்டை இருந்த இடம் உள்ளது. ஆங்கிலேயக் குடியேற்றங்களின் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு ஸ்பெயின் விடுதலை தந்து, 1738-இல் அமைத்துக்கொடுத்த கறுப்பின மக்களின் குடியிருப்பு அது. அதன் படைத்தலைவர் பிரான்சிஸ்கோ மெனெண்டெஸ். 1740 முற்றுகையில் மோசேயை மீட்க நடந்த சண்டையில் அவர்களும் போரிட்டார்கள். தெற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டரில் மட்டான்சாஸ் கோட்டை இருக்கிறது. செயின்ட் அகஸ்டினுக்குப் பின்வாசல் போன்ற மட்டான்சாஸ் நீர்வழியை அடைப்பதற்காக, முற்றுகை முடிந்த கையோடு கட்டியது. படகில் ஏறித்தான் செல்ல வேண்டும். நேரம் இருப்பவர்கள் மூன்றையும் பாருங்கள்.

மேல்தளத்தில் வார இறுதி நாட்களில் பீரங்கி வெடிக்கும் செயல்விளக்கம் நடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்பானியப் படைவீரர்களின் உடையில் தன்னார்வலர்கள் அணிவகுத்து வந்து, ஸ்பானிய மொழியிலேயே கட்டளைகள் தந்து, ஒவ்வொரு படியாகச் செய்கிறார்கள்: குழலைத் துடைப்பது, மருந்தை இடிப்பது, திரியை வைப்பது, விலகுவது. குண்டு போடாமல் மருந்தை மட்டுமே வெடிக்கிறார்கள் என்றாலும், ஓசை நெஞ்சுக்குள் இறங்குகிறது. கைக்குழந்தையோடு செல்பவர்கள் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது. பார்வையாளர்களைக் கேளிக்கைக்காகச் சிரிக்கவைக்கும் முயற்சி எதுவும் இல்லாமல், ஒரு வேலையைச் செய்து காட்டும் நேர்மையோடு அவர்கள் அதைச் செய்ததை மதிக்கிறேன். அங்கேயே வரிசையாக நிற்கும் வெண்கலப் பீரங்கிகளில் அரச முத்திரைகளும் வார்ப்பு வேலைப்பாடுகளும் நுணுக்கமாக இருக்கின்றன. ஒரு கொல்லுப்பட்டறைக்காரரின் பெருமிதம் அவற்றில் தெரிகிறது.

ஆனால் பீரங்கி ஓசை அடங்கியதும் கூட்டம் கலைந்து கடைவீதியை நோக்கிப் போய்விடுகிறது. முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒரு நிமிடம் எட்டிப்பார்த்துவிட்டு நகர்பவர்களே அதிகம். முதல் நாள் நாங்களும் அப்படித்தான் செய்தோம். இரவு விடுதியில் விவரக் கையேட்டைப் படித்த பிறகுதான், கோட்டையின் வாழ்நாளில் இன்னொரு பாதியைப் பார்க்காமல் வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

1763-இல் ஃபுளோரிடா பிரிட்டன் வசமாகி, 1783 உடன்படிக்கைக்குப் பின் மீண்டும் ஸ்பெயினுக்கு வந்து, 1821-இல் அமெரிக்காவிடம் போயிற்று. அமெரிக்கர்கள் இதற்கு மேரியன் கோட்டை என்று வேறு பெயர் சூட்டினார்கள். காக்க வேண்டிய எல்லை எதுவும் இல்லாமல் போன பிறகு, பகைவர் உள்ளே வராதபடி கட்டிய அதே மதில், மனிதர்கள் வெளியே போகாதபடி தடுக்கும் மதிலாயிற்று. 1837-இல் வெள்ளைக் கொடியின் கீழ் பேச்சுவார்த்தைக்கு வந்த செமினோல் பழங்குடித் தலைவர் ஒசியோலாவைப் பிடித்து இங்கே அடைத்தார்கள். அவருடன் சிறைப்பட்ட கோவாகூச்சி, ஏறக்குறைய இருபது பேரோடு நவம்பர் இரவொன்றில் தப்பிவிட்டார். கூரைக்கு அருகிலுள்ள குறுகலான துளை வழியே உடலை மெலியவைத்து நுழைந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தத் துளையின் உயரத்தை அண்ணாந்து பார்த்தபோது என் தந்தை எதுவும் பேசவில்லை. ஒசியோலா தப்பவில்லை, வேறொரு கோட்டைக்கு மாற்றப்பட்டு 1838 ஜனவரியில் இறந்தார்.

1875-இல் மேற்குச் சமவெளிகளிலிருந்து செயேன், கையோவா, கோமான்சி, அரப்பாஹோ பழங்குடி மக்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரை விசாரணையே இல்லாமல் சங்கிலியிட்டு ரயிலில் கொண்டுவந்தார்கள். கடலையே பார்த்திராத மனிதர்கள். அவர்களுக்குப் பொறுப்பாயிருந்த ரிச்சர்ட் பிராட் என்ற அதிகாரி, அவர்களுடைய முடியை வெட்டி, படை உடை அணிவித்து, ஆங்கிலம் கற்பித்தார். கணக்கேடுகளின் தாள்களில் வண்ணப் பென்சிலால் அவர்கள் வரைந்த ஓவியங்கள் இன்று அருங்காட்சியகங்களில் போற்றப்படுகின்றன. ஹவுலிங் உல்ஃப், ஜோட்டோம் ஆகியோரின் பெயர்கள் அவற்றின் வழியே நிலைத்துவிட்டன. எருமை வேட்டையும் குதிரையும் குடில்களும் நிறைந்த அந்தப் படங்கள், கிளிஞ்சல் சுவர்களுக்குள் உட்கார்ந்து தம் ஊரை நினைவிலிருந்து எடுத்து வரைந்தவை. அறையொன்றின் சுவர்ப்பூச்சில் கைதிகள் கீறிய உருவங்களும் இருக்கின்றன. மங்கலானவை, பொறுமையாகப் பார்த்தால்தான் புலப்படும். இங்கே செய்து பார்த்த முறையைத்தான் பிராட் 1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில் பழங்குடிக் குழந்தைகள் மேல் விரிவாகச் செயல்படுத்தினார். பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழியை மறக்கச் செய்யும் அந்தப் பள்ளிமுறையின் தொடக்கம் இந்த முற்றத்தில்தான் என்பதை அறிந்தபோது, தாய்மொழியைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்க இங்கே வார இறுதிகளில் தமிழ் வகுப்பு எடுக்கும் எனக்கு நெடுநேரம் மனம் ஆறவில்லை.

1886-இல் அப்பாச்சி மக்கள் வந்தார்கள், இம்முறை ஏறக்குறைய 500 பேர். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி. அறைகள் போதாமல், பீரங்கிகள் நின்ற மேல்தளத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார்கள். நோயால் குறைந்தது 24 பேர் இங்கேயே இறந்தார்கள். முதல் நாள் நாங்கள் மகிழ்ச்சியாகப் பீரங்கி ஓசை கேட்ட இடம் அதுதான். ஓவியங்களின் நகல்களோடும் விளக்கப் பலகைகளோடும் இந்த வரலாற்றை மறைக்காமல் வைத்திருப்பதற்காகக் கோட்டையைப் பராமரிப்பவர்களுக்கு என் நன்றி உரியது. எங்களுடன் பேசிய பணியாளர் ஒருவர், போர்க் கதைகளைச் சொன்ன அதே அக்கறையோடு இதையும் சொன்னார்; கேள்விகளுக்கு அவசரமின்றிப் பதில் தந்தார்.

செல்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். 1924-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்தக் கோட்டை, 1933 முதல் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. பழைய ஸ்பானியப் பெயரும் 1942-இல் திரும்பிவந்தது. நாங்கள் சென்றபோது 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கட்டணம் 15 டாலர். சிறுவர்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் சீட்டு ஏழு நாட்களுக்குச் செல்லும் என்பதால்தான் மறுநாளும் எங்களால் செலவின்றிச் செல்ல முடிந்தது. தேசியப் பூங்காக்களின் ஆண்டுச் சீட்டு வைத்திருப்பவர்கள் அதையே காட்டலாம். நன்றி நவிலல் நாளிலும் கிறிஸ்துமஸ் அன்றும் மட்டும் மூடியிருக்கும். முற்றமும் கீழ்த்தள அறைகளும் சக்கர நாற்காலிக்கு ஏற்றவை. மேல்தளத்துக்குப் படிக்கட்டு மட்டுமே உண்டு, மூட்டுவலி உள்ள பெரியவர்கள் மெல்ல ஏற வேண்டியிருக்கும். மேலே நிழலே இல்லை. கோடையில் பிற்பகலில் இடியும் மின்னலும் வந்தால் மேல்தளத்தை மூடிவிடுவார்கள். ஆகவே காலையிலேயே செல்வது நல்லது. தொப்பியும் தண்ணீரும் அவசியம். வாகனம் நிறுத்தும் இடம் விடுமுறை நாட்களில் விரைவில் நிரம்பிவிடுகிறது.

மதிலின் மேல் உட்காராதீர்கள், பிள்ளைகளை ஏற்றி நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். விழுந்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம்; பீரங்கிக் குண்டைத் தாங்கிய அந்தக் கல், ஒவ்வொரு கை உராய்வுக்கும் சில மணல்மணிகளை உதிர்த்துவிடுகிறது என்பது இன்னொரு காரணம். கொத்தளத்தின் ஓரங்களில் அந்த உதிர்வைக் கண்ணால் காணலாம்.

நான் மறுபடி செல்வதாக இருந்தால் வரிசையை மாற்றிக்கொள்வேன். கதவு திறந்ததும் கடலோரச் சுவரை ஒட்டி நடந்து குண்டுக் குழிகளைப் பார்ப்பேன். பிறகு மேல்தளம், வெயில் ஏறும் முன்பே. நண்பகலில், வெளியே எரியும்போது குளிர்ந்திருக்கும் அந்த வளைவுக் கூரை அறைகளுக்குள் இறங்கி, கீறல்கள் உள்ள சுவருக்கு முன்னால் குறைந்தது அரை மணி நேரம் நிற்பேன். கண் இருளுக்குப் பழகவே பத்து நிமிடங்கள் ஆகின்றன. அதன் பிறகுதான் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன.